உப்பைத் தொட்டுச் செய்த சத்தியம்

நான் ஓய்வு பெறும் பிரியாவிடை விருந்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். என் வாயில் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் இருந்தது. பேச முடியாது என்று கையைக் காட்டினேன். அது தீர்ந்ததும் இன்னொன்றை எடுத்துக் கடித்தேன். மூன்றாவதை எடுத்தபோது நீங்களே விட்டுவிட்டீர்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முப்பது வருடத்துக்கும் மேலாகப் புரூஃப் பார்த்தவளுக்கு எழுதுவதுதான் பழக்கம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நம்ம புதுத் தொடர்ல மூணாம் பாகத்துக்கும் நாலாம் பாகத்துக்கும் நடுவுல ஒரு சின்னக் கதை போடறோம். குட்டிப் புத்தகம்தானே, ஈஸிதானே?" நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையை அன்றே சொல்லியிருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான் படிப்பு. திருமண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், அவற்றோடு கையடக்கமான கதைப் புத்தகங்களும் அங்கே அச்சாகும். எல்லாக் கதைகளையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு மாயக் காதல் தொடர். மேக நாட்டு இளவரசன் மேகவர்மன், உப்பளக்காரர் மகள் பூவிழி. மழை பெய்யும் நேரம் மட்டும்தான் அவனால் பூமியில் நிற்க முடியும். மழை பெய்தால் அவள் வீட்டு உப்பு கரைந்துவிடும். அவன் வந்தால் அவள் குடும்பத்துக்கு நஷ்டம், வராவிட்டால் அவளுக்கு உயிர் போகும். கிள்ளான் தொழிற்சாலைப் பெண்களிலிருந்து ரவாங் தையல்காரிகள் வரை எல்லோரும் இதைப் படித்துவிட்டு, நாலு மணி மழையில் ஜன்னலோரம் நின்றார்கள்.

தொடர் ஒரு பெண் பெயரில் வந்தது. கடிதங்கள் எல்லாம் 'அன்புள்ள அக்காவுக்கு' என்றுதான் வரும். அந்த அக்கா யார் என்றால், கிள்ளான் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஐம்பது வயது ஆள். தடித்த மீசை. வேலைக்கு நடுவே எழுதி, பழுப்பு உறையில் போட்டு, ரயில் கார்டிடம் கொடுத்தனுப்புவார். பேரைச் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுத்தாளர் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் பாகத்தில் இளவரசனின் வெள்ளைக் குதிரை வெள்ளத்தில் மூழ்கிச் செத்துப்போனது. இரண்டாம் பாகத்தில் அவன் அதே குதிரையில் ஏறி வந்தான். எழுதியவரும் கவனிக்கவில்லை, புரூஃப் பார்த்த நானும் கவனிக்கவில்லை. வாசகர்கள் கவனித்தார்கள். ஒருவர் குதிரையின் காரியத்துக்கு அழைப்பிதழ் மாதிரியே ஒன்றை எழுதி அனுப்பியிருந்தார். எழுத்தாளருக்கு அவமானம் தாங்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி நடந்துச்சின்னா தொடர இதோட நிறுத்திடுவேன். மீசை மேல சத்தியம்" என்று முதலாளிக்கு ஃபோன் செய்தார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். "செல்வி, இனிமே யாரு செத்தா, யாரு இருக்கா, யாரு யார்கிட்ட என்னா சொன்னா, எல்லாத்தையும் இதுல எழுதணும். தப்பு வந்தா அவரு போயிடுவாரு. அவரு போனா நீயும் போயிட வேண்டியதுதான், புரியுதா?"

புரிந்தது. நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். பூவிழியின் இடது கன்னத்து மச்சத்திலிருந்து, இளவரசனின் சித்தியான மேக ராணிக்குத் தும்மல் வந்தால் பூமியில் இடி இடிக்கும் என்பது வரை எழுதினேன். ஒரே ஒரு நாள் மட்டும் எழுதவில்லை. நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும். கீழே ஒரு தேநீர்க் கறை மட்டும் உண்டு.

அன்று கிள்ளானிலிருந்து புத்தக ஏஜெண்ட் வந்திருந்தார். அந்தோணி என்று பெயர். மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து கட்டுகளை எடுத்துப் போவார். அதிகம் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். இரண்டு பேசாதவர்கள் ஒரே அறையில் இருந்தால் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அன்று அவர் கட்டை எடுக்கும்போது என் தேநீரைத் தட்டிவிட்டார். "சோரி" என்றார். "பரவால்ல" என்றேன். அதற்குப் பிறகு அன்று நான் படித்த புரூஃப் எதுவும் என் தலையில் ஏறவில்லை. மூன்றாம் பாகத்தின் பத்தாவது அத்தியாயம் அது.

மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ராணி மேகவர்மனை ஓர் ஆலங்கட்டியாக உறைய வைத்துவிட்டாள். வாசகர்கள் துடித்தார்கள். தீபாவளிக்குள் நாலாம் பாகம் வேண்டும் என்று எல்லா ஊர் ஏஜெண்டுகளும் நச்சரித்தார்கள். எழுத்தாளரோ ஃபோனில் குசுகுசுத்தார்.

"செல்வி, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அவன எப்படி உருக்கறதுன்னு எனக்கே தெரியலம்மா."

அப்படிப் பிறந்ததுதான் அந்த இடைக்கதை. நாற்பத்தெட்டுப் பக்கம். இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவில் ஏழு பௌர்ணமி இடைவெளி இருந்தது. அந்த நாட்களில் நடந்ததாக ஒரு சின்னக் கதை. அப்போது இளவரசன் உறையவில்லை, நன்றாகத்தான் இருந்தான்.

"அந்த ஏழு பௌர்ணமில ரெண்டு பேரும் ஒரு தடவ சந்திக்கலாமா? நோட்டுல பார்த்துச் சொல்லு."

நோட்டைப் புரட்டினேன். தடை எதுவும் இல்லை. "தாராளமா சந்திக்கலாம் சார்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக நான் எதையும் சொன்னதில்லை.

அச்சுத் தொழில் அப்போது எப்படி இருந்தது என்பதில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் எனக்கு வந்த ஆபத்து உங்களுக்குப் புரியாது. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோர்த்து ஒரு பாரம் அச்சடிப்போம். முழுப் புத்தகத்துக்கும் போதுமான எழுத்து எங்களிடம் கிடையாது. அதனால் ஒரு பாரம் அடித்து முடித்ததும், அதைக் கலைத்து, அதே எழுத்துகளை வைத்துத்தான் அடுத்த பாரத்தைக் கோர்க்க வேண்டும். அடித்த பாரம் அடித்ததுதான். உங்களைப் போல ஒரு பொத்தானைத் தட்டித் திரும்பிப் போக முடியாது.

முதல் இரண்டு பாரம் அடித்தாகிவிட்டது. எழுத்தாளர் உருகி உருகி எழுதியிருந்தார். உப்புக் கொட்டகையில், அடைமழையில், இருவரும் சந்திக்கிறார்கள். உப்பைத் தவிர வேறு ருசி அறியாத பெண் என்று, மேகவர்மன் அவளுக்கு ஒரு சின்னப் பை நிறைய வெள்ளைச் சீனி கொண்டுவந்து கொடுக்கிறான். இரண்டாம் பாரத்தை அடிக்கும்போது மெஷின் ஓட்டும் மணியண்ணனே மூக்கை உறிஞ்சினார். மை நெடி என்றார்.

மூன்றாம் பாரம் கோர்த்துத் தயாராக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினில் ஏற்ற வேண்டும்.

அன்று காலை வீட்டில் வேறொரு கூத்து நடந்தது. சாலாக் செலாத்தான் வீட்டில் நானும் அண்ணனும் மட்டும் இருந்தோம். அண்ணன் லோரி ஓட்டுபவர். சட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏய் செல்வி, கிள்ளான்காரன் ஒருத்தன்கூட நீ பாசார் பக்கத்துல தே குடிச்சியாம்? என் கூட்டாளி பார்த்திருக்கான்."

குடித்தது உண்மை. போன சனிக்கிழமை, சந்தைப் பக்கத்துக் கடையில். அவருக்கு ஒரு கிளாஸ், எனக்கு ஒரு கிளாஸ். மொத்தம் ஆறு வார்த்தை பேசியிருப்போம்.

"இல்லண்ணே. பிரஸ்ல கட்டு எடுத்துக் குடுக்கறதோட சரி. வெளிய அவர நான் பார்த்ததும் இல்ல, பேசினதும் இல்ல."

"அப்ப சாமி படத்தத் தொட்டுச் சொல்லு."

எங்கள் வீட்டில் சாமி படம் என்றால் மளிகைக் கடைக் காலண்டர்தான். முருகன் மயிலோடு நிற்பார். காலண்டரில் கை வைத்துச் சொன்னேன். கை சரியாக எங்கே பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். அண்ணன் நம்பினார். லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலைக்கு வந்து மேசையில் உட்கார்ந்தால், செமினியிலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்திருந்தது. 'அன்புள்ள அக்காவுக்கு, மூன்றாம் பாகத்தில் பூவிழி ராணியின் சபையில் நின்று, கடைசிச் சந்திப்புக்குப் பிறகு ஏழு பௌர்ணமியாக உங்கள் இளவரசனை நான் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை என்று உப்பைத் தொட்டுச் சத்தியம் செய்கிறாளே, அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.'

இரண்டு முறை படித்தேன். பிறகு மூன்றாம் பாகத்தை எடுத்துப் பத்தாவது அத்தியாயத்தைத் திறந்தேன். இருந்தது. உப்பளக்காரர்கள் உப்பைத் தொட்டால் பொய் சொல்ல மாட்டார்கள் என்று முதல் பாகத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்தவள் நான்தான்.

அடித்து அடுக்கி வைத்த இரண்டு பாரத்தையும் பார்த்தேன். இந்த முறை குதிரை இல்லை, கதையின் உயிரான சத்தியமே பொய்யாகியிருக்கிறது. மீசை மேல் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. அவர் எழுதுவதை நிறுத்துவார். நான் வீட்டுக்குப் போவேன். அண்ணன் மாப்பிள்ளை பார்ப்பார்.

மணியண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"யாரும்மா இவ்ளோ உத்துப் பார்க்கப் போறாங்க? பேசாம இரு. மெஷின ஏத்திடறேன்."

"செமினில ஒருத்தங்க பார்ப்பாங்க அண்ணே."

"ஒருத்தங்கதானே?"

"அவங்க அழுதிருக்காங்க அண்ணே."

மணியண்ணன் மெஷின் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். "போ. முதலாளிகிட்டச் சொல்லு. நான் மெதுவாச் சாப்டறேன்."

இளையவர்களே, தப்பைக் கண்டுபிடித்தவுடன் நமக்கு முதலில் தோன்றுவது அதன் மேல் உட்கார்ந்துகொள்வதுதான். நானும் உட்கார்ந்திருப்பேன். ஆனால் உட்கார்ந்தால் சூடு தெரியும். மெஷின் ஓடுவதற்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டால் பாதிச் சூடுதான்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அடிச்ச ரெண்டு பாரத்தையும் தொட முடியாது. கையில இருக்கறது கடைசிப் பதினாறு பக்கம். அதுக்குள்ள என்னா செய்ய முடியுமோ அவர்கிட்டக் கேளு. ஃபோன்ல வேணாம், ஃபோன்ல சொன்னா வெச்சிடுவாரு. நேர்ல போ. நீ பண்ண தப்பு, நீயே சொல்லு."

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சத்தம். முதலாளியின் முகம் மலர்ந்தது.

"அந்தோணி! கட்டு இன்னிக்கு இல்ல. இந்தப் பிள்ளைய கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போ. ஸ்டேஷன்ல விட்டு, திரும்பக் கொண்டுவந்து சேர்த்துடணும், சரியா?"

காலையில்தான் முருகன் சாட்சியாக இவரை வெளியே பார்த்ததே இல்லை என்று சொன்னவள் நான். மத்தியானம் அவர் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இருவருக்கும் நடுவில் மூன்று பாகங்களும் நோட்டுப் புத்தகமும் இருந்த பையை வைத்துக்கொண்டேன். கதை எங்களுக்கு நடுவில் முள் மாதிரி குத்திக்கொண்டே வந்தது.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் பாதி தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம். அங்கே ஏற்கெனவே இருபது மோட்டார்கள் நின்றன. ஆளுக்கொரு பக்கம் சிகரெட், ஆளுக்கொரு பக்கம் பேச்சு. அந்தோணி மட்டும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை விட்டா அவன் போயிடணும்ல?" என்றார் திடீரென்று.

"யாரு?"

"மேகவர்மன்."

"நீங்க படிக்கிறீங்களா?"

"விக்கிறவன் படிக்காம எப்படி?" கையை மழையில் நீட்டிப் பார்த்தார். பிறகு, "மழை விடாம இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

அவசர வேலையாகப் போகிறவள் நான். மழை சீக்கிரம் விட வேண்டும் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

கிள்ளான் நிலையத்தில் எழுத்தாளர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஐந்து பேர். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"எங்கம்மா போறே?" என்றவர், நிமிர்ந்து பார்த்தார். "செல்வி! நீ எங்க இங்க?"

"சார், பூவிழி மாட்டிக்கிட்டா" என்றேன். வேறு வாக்கியம் வரவில்லை. கடிதத்தைக் கம்பி வழியாக உள்ளே தள்ளினேன். படித்தார். மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"நீதானே தாராளமா சந்திக்கலாம்னே?"

"ஆமா சார். நான் நோட்டுல இந்தப் பக்கத்த எழுதாம வெறுமையா விட்டுட்டேன். தப்பு என்னோடது."

"ஏன் விட்டே?"

நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். என் பின்னால் நின்ற ஒரு பருத்த அம்மா பொறுமை இழந்தார். கையில் கூடை, கூடையில் கங்கோங் கீரை. "என்னா லா இது, டிக்கெட் வாங்கற எடத்துல லெட்டர் படிக்கிறீங்க? எனக்குக் கோலாலம்பூர் ஒண்ணு."

எழுத்தாளர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "சரி, கடைசிப் பாரத்துல பூவிழிக்கு ஒரு மறதி மருந்து குடுத்துடுவோம். சந்திச்சதையே மறந்துட்டா. முடிஞ்சது."

"மறதி மருந்தா?" கீரை அம்மா டிக்கெட்டை வாங்க மறந்து நின்றார். "யாரு, நம்ம பூவிழிக்கா? உப்பளத்துப் பூவிழிக்கா? சீ! எந்தக் கிறுக்கன் சொன்னது? அந்த அக்கா அப்படில்லாம் எழுதவே மாட்டாங்க!"

அந்த அக்கா கம்பிக்குப் பின்னால் மீசையைத் தடவிக்கொண்டார். "இல்லம்மா, சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குக்கூடச் சொல்லாதீங்க அங்கிள். நீங்க டிக்கெட்டப் பாருங்க."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுத்தாளரின் காது சிவந்தது. மறதி மருந்து அப்படித்தான் செத்தது. நான் கண்ட ஆசிரியர் குழுக்களிலேயே அந்தக் கீரை அம்மா மாதிரி சுருக்கமாக முடிவு சொன்ன குழு எதுவும் கிடையாது.

"அப்ப அவ எப்படி அப்படி ஒரு சத்தியம் பண்ணா, சொல்லுங்க?" என்று எழுத்தாளர் அவரிடமே கேட்டார். "சந்திச்சிருக்கா. ஆனா சந்திக்கலன்னு சொல்லியிருக்கா."

"பொய் சொல்லியிருப்பா சார்" என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உப்பத் தொட்டா பொய் சொல்ல மாட்டா!" என்றார் கீரை அம்மா. "அவங்க ஜாதி சனமே சொல்லாது."

என் கண் முன்னால் அந்த மளிகைக் கடைக் காலண்டர் வந்து நின்றது. மேலே முருகன். கீழே, நாள் கிழிக்கும் தாளுக்கும் கீழே, கடைக்காரர் போட்டிருந்த மிளகாய்த்தூள் விளம்பரம். அன்று காலை நான் கையை வைத்தது விளம்பரத்தின் மேல். ஒரு விரல்கூட மயில் தோகையைத் தொடவில்லை. அளந்து வைத்த கை அது.

"அவ தொட்டது உப்பே இல்லன்னா?" என்றேன்.

எழுத்தாளர் கையிலிருந்த டிக்கெட்டைக் கீழே வைத்தார்.

"வேற என்னா?" என்றார் எழுத்தாளர் மெதுவாக.

"சீனி. ரெண்டாம் பாரத்துல அவன் குடுத்தானே, அந்தச் சீனி. அச்சாயிடுச்சி சார், புத்தகத்துலயே இருக்கு. சபைக்குக் கெளம்பறப்ப, சத்தியத்துக்கு எடுத்துட்டுப் போற உப்பை வீட்ல கொட்டிட்டு, அந்தப் பையில சீனிய நிரப்பிக்கிட்டுப் போறா. ரெண்டும் வெள்ளைதான். ராணி நக்கியா பார்க்கப் போறாங்க? அவன் குடுத்தத வெச்சே அவனக் காப்பாத்தப் பார்த்திருக்கா."

கீரை அம்மா கூடையைக் கீழே வைத்தார். "அடிப் பாவி மகளே!" என்றார். என்னையா, பூவிழியையா என்று தெரியவில்லை. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "எப்படிப்பட்ட கள்ளி பாரேன்!"

எழுத்தாளர் எழுந்து நின்றுவிட்டார். "இரு, இரு. அப்ப நெஜ உப்பு அவ வீட்ல பத்திரமா இருக்கு. இவன் ஆலங்கட்டியா உறைஞ்சு கெடக்கான். ஐஸ் மேல உப்பப் போட்டா என்னாகும்?"

"கரையும் லா" என்றார் கீரை அம்மா. "இது தெரியாதா? ஐஸ் சீவி விக்கிற ஐஸ்கச்சாங்காரனக் கேளுங்க."

நாலாம் பாகம் அந்த நிமிடத்தில் பிறந்தது. ஒரு வருடமாக அவரைத் தூங்கவிடாத முடிச்சு, என் தப்புக்குள்ளேயே அவிழ்ந்து கிடந்தது. அதன் பிறகு எத்தனையோ புத்தகங்களில் நான் பார்த்துவிட்டேன். முரண்பாடு வந்தால் உடனே ரப்பரை எடுக்காதீர்கள். இந்த ஆள் ஏன் அப்படிச் சொன்னார், யாரைக் காப்பாற்றச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள். ஆட்கள் பொய் சொல்வார்கள். கதையில் வரும் ஆட்களும் ஆட்கள்தானே?

எழுத்தாளர் ரயில்வே படிவங்களின் பின்புறத்தில் அங்கேயே எழுத ஆரம்பித்தார். கடைசி நாலு பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒரு பத்தி எழுதுவார், ஒரு டிக்கெட் கொடுப்பார். கீரை அம்மா தன் ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தார். என்ன எழுதுகிறார் என்று மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியாது. "ஆபீஸ் கணக்கு" என்று சொல்லிவிட்டார் அக்கா.

தாள்களைக் கம்பி வழியாக என்னிடம் தரும்போது, எழுத்தாளர் அவற்றை உடனே விட்டுவிடவில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"செல்வி, உப்புக்குப் பதிலா சீனி. இது உனக்கு எப்படிம்மா தோணிச்சி?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார். அந்தோணி இரண்டு ஹெல்மெட்டையும் கையில் பிடித்துக்கொண்டு, ரயில் அட்டவணையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அது கிள்ளானிலிருந்து புறப்படும் சரக்கு ரயில் அட்டவணை.

"ஓ" என்றார் எழுத்தாளர். தாளை விட்டார். "நோட்டுல ஏன் அந்தப் பக்கம் வெறுமையா இருக்குன்னு இனிமே கேக்க மாட்டேன்."

அடுத்த நாள் மணியண்ணன் மூன்றாம் பாரத்தை மெஷினில் ஏற்றினார். தீபாவளிக்கு முன்னால் புத்தகம் வந்தது. பிறகு கடிதங்கள் வந்தன. 'அக்கா, மூன்றாம் பாகத்தை எழுதும்போதே இதை மனசுக்குள் ஒளித்து வைத்திருந்தீர்களா? மறுபடி எடுத்துப் படித்தேன், ராணி முன்னால் பூவிழி கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே!' நடுங்குகிறது என்று எழுதியது அவள் குளிரில் நின்றதால். எழுத்தாளர் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் போட்டார். 'ஆமாம் தங்கையே. அன்புடன், அக்கா.'

செமினி வாசகியின் கடிதம் கடைசியாக வந்தது. நான் பயந்துகொண்டே பிரித்தேன். 'அழுததற்காக இப்போது வெட்கமாக இருக்கிறது. என்னையும் சேர்த்து ஏமாற்றிவிட்டாள். நாலாம் பாகம் எப்போது?' என்று எழுதியிருந்தார். முதலாளி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, எனக்கு இன்னொரு புது நோட்டைக் கொடுத்தார். வேலை தப்பியது என்று அதற்கு அர்த்தம்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அடுப்படியில் இருந்தேன். முன்னறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், அண்ணன் காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். கையில் எங்கள் இடைக்கதை. அட்டை முழுக்க லோரி கிரீஸ் பட்ட கட்டைவிரல் அடையாளங்கள். பொம்பளப் பிள்ளைகள் படிக்கிற குப்பை என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. லோரி சீட்டுக்கு அடியில் வைத்து எல்லாப் பாகங்களையும் படித்திருக்கிறார் மனிதர்.

"செல்வி."

"என்னாண்ணே?"

"அன்னிக்கு கைய எங்க வெச்சே?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சத்தியம் கேட்காதபோது எனக்குப் பொய் வராது. போய், மிளகாய்த்தூள் விளம்பரத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அண்ணன் விளம்பரத்தைப் பார்த்தார். முருகனைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கோபமா, மரியாதையா என்று இன்றுவரை தெரியாது.

"நாலாம் பாகத்துல ரெண்டு பேரும் சேருவாங்களா?"

"தெரியலண்ணே. இன்னும் எழுதல."

"சேரச் சொல்லு." புத்தகத்தைச் சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகினார். "அந்தக் கிள்ளான்காரன வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரச் சொல்லு. கோயிலுக்குப் போறவனா?"

"சர்ச்சுக்கு."

"ம்." நீண்ட மூச்சு. "சர்ச் முடிஞ்சோன்ன வரச் சொல்லு. தே நான் போடறேன்."

அந்தோணி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி முழுக்க வியர்வை. அண்ணன் சொன்னபடியே அடுப்படிக்குப் போய், என்னை வெளியே தள்ளிவிட்டுத் தானே தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அந்தோணி ஒரு வாய் குடித்தார். ஒரு நொடி நின்றார். பிறகு கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு அண்ணே" என்றார்.

அவர் போன பிறகு அண்ணன் வாசலிலேயே நின்று, மோட்டார் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனும் பொய் சொல்றான் பாரு" என்றார். "சரியான ஜோடிதான்."

எனக்குப் புரியவில்லை. காலிக் கோப்பையைக் கழுவ எடுத்தபோதுதான் பார்த்தேன். அடியில் கொஞ்சம் கரையாமல் வெள்ளையாகக் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.